குறையாத கால்சியம்

வேங்கிக்கால் வீடு: பதினொன்றாம் அத்தியாயம்

சித்ரா பௌர்ணமியன்று வேங்கிக்காலில் விடியல் என்று தனியாக ஒன்று வருவதில்லை. வேலூர்ச் சாலையில் முதல் நாள் மாலை தொடங்கிய வண்டிகளின் இரைச்சல் இரவைக் கடந்து அப்படியே பகலோடு கலந்துவிடுகிறது. தசரதன் வீட்டுத் தெருவின் இருபுறமும் வெளியூர் வேன்கள் நின்றன. எவருடைய வாசல் என்று பாராமல் நிறுத்திவிட்டு மலையைச் சுற்றப் போய்விட்டவர்களின் வேன்கள். நிறுத்தியவர்களைக் கேட்டால் புண்ணியத்துக்கு வந்தோம் என்பார்கள்.

“வா, தூக்கலாம்” என்றார் ரேணுகாம்பாள்.

கடலூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று பத்து நாளுக்கு முன் மருமகள் ஓவியா சொன்னதிலிருந்து, மாமியார் அவளிடம் தாமாக முன்வந்து பேசிய சொற்கள் இவை மட்டுமே. மீன்வளத் துறை ஆய்வகம் ஒன்றில் உதவியாளர் பணி. விலங்கியல் படித்து, திருமணத்துக்கு முன்னும் பின்னும் தேர்வுகள் எழுதி, கிடைக்காது என்று அவளே முடிவு செய்துவிட்ட பிறகு கிடைத்த பணி. இன்னும் எட்டு நாளில், திங்கட்கிழமை, சேர வேண்டும். வாரம் முழுதும் விடுதியில் தங்கி, சனிக்கிழமை மாலைதான் ஊர் திரும்ப முடியும்.

கணவன் புகழேந்தி, “போயிட்டு வா, பாத்துக்கலாம்” என்றான். மாமனார் தசரதனை எவரும் கேட்கவில்லை. ரேணுகாம்பாள் எதிர்க்கவுமில்லை, இசையவுமில்லை. “வா, தூக்கலாம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். சென்ற வாரம் இந்த வீட்டை நாம் பார்த்த நிலை இதுவே.

ஐப்பசியில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே தசரதனுக்கு இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. மின்கம்பங்களில் ஏறி இறங்கியே பணிக்காலத்தைக் கழித்த உடம்பு. இப்போது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வர இருவர் வேண்டியிருந்தது. வலப்பக்கம் மனைவி, இடப்பக்கம் மருமகள். தூக்கி, நிறுத்தி, கால் தரையைப் பற்றும்வரை காத்திருந்து, கூடத்துப் பிரம்பு நாற்காலியில் அமர்த்துவார்கள். அமர்ந்ததும் அவர் கண்கள் எதிர்ச்சுவரை நாடும். அங்கேதான் தொட்டி இருந்தது.

வருகிறவர்கள் எல்லாரும் அதனை மீன் தொட்டி என்கிறார்கள். அதில் மீன்கள் நான்கே. தொட்டியின் செல்வம் பவளங்கள். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்து உரிய அனுமதியோடு விரல்நீளத் துண்டுகளாக வந்து, இப்போது மான்கொம்புபோல் கிளைத்து, நுனியில் ஊதா நிறம் காட்டும் பவளங்கள். பவளத்தைக் கல் என்று எண்ணுவது தவறு. அது தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ளும் உயிர். கட்டுவதற்கு வேண்டிய கால்சியத்தைச் சுற்றியுள்ள நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கடலில் எடுத்தால் தெரியாது. நான்கடித் தொட்டியில் எடுத்தது அன்றே குறையும். குறைந்ததை அன்றன்றே ஒருவர் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பது இந்த வீட்டில் எவரும் கேட்டிராத கேள்வி.

ரேணுகாம்பாள் அடுப்படிக்குப் போனதும் ஓவியா தொட்டியின் கீழ்அறைக் கதவைத் திறந்தாள். நன்னீர்க் குடுவைகளுக்குப் பின்னால் வெள்ளைக் கேன்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் கால்சியம் கரைத்த நீர். மற்றொன்றில் காரம், சமையல் சோடா போன்ற தூள், கரைத்த நீர். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் முதலாவதை அளந்து எடுத்து, மோட்டார் நீரைத் தள்ளும் இடத்தில் மெல்லச் செலுத்தினாள். பிறகு போய் மாமனாருக்குக் கஞ்சி ஆற்றினாள். அதன் பிறகே இரண்டாவதைச் செலுத்தினாள். இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால் தொட்டி பால்போல் வெளுத்துவிடும். கொடுத்த சத்து உதவாத தூளாகிப் படிந்துவிடும்.

தசரதன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தினமும் பார்ப்பதுதான்.

இதை அவள் தொடங்கியது தசரதன் மருத்துவமனையில் கிடந்த நாள்களில். புகழேந்தி இரவும் பகலும் அங்கேயே இருந்தான். இங்கே பவளங்களின் நுனிகள் வெளுக்கத் தொடங்கின. அவள் படித்தும் விசாரித்தும், சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடையிலிருந்து இரு தூள்களை வரவழைத்து, கரைத்து ஊற்றினாள். பவளங்கள் தேறின. தந்தையோடு வீடு திரும்பிய புகழேந்தி, ஷேவ் செய்யாத முகத்தோடு தொட்டியின் முன் நின்று, “பாத்தியா, நான் வச்ச தொட்டி. எல்லாம் போனாலும் இதுக்கு ஒண்ணும் ஆகல” என்று சொல்லி அழுதான். அன்று அவளால் உண்மையைச் சொல்ல இயலவில்லை. அதன்பின் சொல்ல வேண்டிய தருணம் எதுவும் வரவில்லை. ஊற்றும் வேலை மட்டும் காலையும் மாலையும் தவறாமல் வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமையாதலால் புகழேந்தி, ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே தான் நடத்தும் கணினி மையத்தைத் திறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, சோதனைக் குப்பியில் தொட்டி நீரை எடுத்துச் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டுக்கொண்டிருந்தான். குப்பியிலிருந்த ரோஜா நிறம் சட்டென நீலமாயிற்று.

“கால்சியம் நானூத்தி இருபது!” என்றான். “ஓவியா, இங்க வா. எந்த ஞாயித்துக்கெழம பாத்தாலும் அதே நானூத்தி இருபது. எறங்கவே மாட்டேங்குது. நம்ம தொட்டி தானே சமாளிச்சிக்குது.”

ஓவியா புடவை முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

“நீ இல்லாதப்போ தண்ணி அளவு பாக்க ஆள் இருக்காது. அதுக்குத்தான் மெஷின் போட்டுடலாம்னு பாக்குறேன். பத்து நாளா இதே வேலையா வீடியோ பாத்திருக்கேன், கேளு” என்று தொடங்கினான்.

அவன் சொன்னது இது. முதலாவது, கால்சியம் ரியாக்டர். உருளைக்குள் பவளச் சரளையைக் கொட்டி, கரியமில வாயுவைச் செலுத்தினால், சரளை கரைந்து சத்து தொட்டிக்குள் போகும். பெரிய தொட்டிகளுக்கு அதுதான் அரசன்.

“ஆனா சிலிண்டர் வேணும். நம்மூர்ல கேஸ் ரொப்பணும்னா சோடா கம்பெனியதான் கேக்கணும். பௌர்ணமி அன்னிக்கு சோடாக்காரன் ஜனத்துக்கு சோடா குடுப்பானா, நம்ம கல்லுக்கு கேஸ் குடுப்பானா?”

இரண்டாவது, டோசிங் பம்ப். இரண்டு கேன்கள், இரண்டு சிறு மோட்டார்கள். நேரத்தைக் குறித்துவிட்டால் அதுவே அளந்து ஊற்றும்.

ஓவியா நிமிர்ந்தாள்.

“மூணாவது, சுண்ணாம்புக் கலக்கி. கம்மியா தேவைப்படுற தொட்டிக்கு இதுவே ஜாஸ்தி. தண்ணி ஆவியா வத்துது இல்ல, அதுக்குப் பதிலா சுண்ணாம்புத் தெளிவு சொட்டுச் சொட்டா உள்ள போவும். நம்மூரு வெயிலுக்கு நாளைக்கி ஒரு பக்கெட் வத்துது. அப்புறம் என்ன? இதையே வாங்கிடலாம்.”

“டோசிங் பம்பே வாங்குங்களேன்” என்றாள் ஓவியா.

“எதுக்கு? குறையாத கால்சியத்துக்கு அவ்ளோ பெரிய மெஷினா?”

“இப்ப வெயிலு. தண்ணி வத்துது, சுண்ணாம்பு உள்ள போவும். கார்த்திகையில மழ புடிச்சிகிட்டா தண்ணி எங்க வத்தும்? அப்போ எப்படிப் போவும்?”

“அப்போதான் தேவையே இல்லியே. போன கார்த்திகையில மெஷினா இருந்துது? நல்லாத்தானே இருந்துது?”

அவன் நேர்மையாகவே கேட்டான். கையிலிருந்த எண்களை வைத்துச் சரியாகத்தான் கணக்கிட்டான். எண்களே அவளுடைய கையால் ஆனவை என்பது அவனுக்குத் தெரியாது.

“காரணம் சொல்லு ஓவியா, வாங்கிடலாம். சும்மா பெருசு வேணும்னா எப்பிடி?”

அடுப்படியில் வாழைக்காய் நறுக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

மாமியார் காதுகொடுத்து நிற்கிறார் என்று ஓவியாவுக்குத் தெரிந்தது. காரணத்தைச் சொன்னால் ரேணுகாம்பாள் பத்து நாளாகத் தேடுகிற காரணமும் அதுவாகவே ஆகிவிடும். நீ இல்லாமல் ஒரு தொட்டியே பிழைக்காது, வீடு எப்படிப் பிழைக்கும் என்பார். சொல்லாமல் விட்டால் புகழேந்தி சிறிய கருவியை வாங்குவான். அவள் கடலூர் போன சில வாரங்களில் பவளங்கள் நுனியிலிருந்து வெளுக்கும். அடியோடு வெளுத்த பிறகு பவளம் திரும்புவதில்லை.

“யோசிச்சி சொல்றேன்” என்றாள்.

“சாயங்காலத்துக்குள்ள சொல்லு. சென்னைக் கடைக்காரர் வெளியூர் ஆர்டரை மாசத்துக்கு ஒருதரந்தான் எடுக்குறாரு. இன்னிக்கு விட்டா அடுத்த மாசந்தான்.”

அடுப்படியில் வாழைக்காய் மறுபடியும் நறுக்கப்பட்டது. ஓவியாவுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்காரவில்லை. மாமனாரை எழுப்பிக் கழிவறைக்கு அழைத்துப் போகும் நேரமாகியிருந்தது.

*

பௌர்ணமி தவறாமல் கீழ்பென்னாத்தூர் உறவினர்கள் இந்த வீட்டுக்கு வருவது வழக்கம். குளித்து, சாப்பிட்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு கிரிவலம் புறப்படுவார்கள். மறுநாள் காலை கால் வீங்கி வந்து செருப்பைத் தேடுவார்கள். செருப்புகளுக்குக் காவல் இருக்கவும், வெந்நீர் போடவும் இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். அந்த ஆள் யார் என்று அவர்களும் கேட்டதில்லை.

வெயில் தாழத் தொடங்கிய நேரத்தில் ரேணுகாம்பாளின் அக்காள் காசியம்மாள், இரு மகள்களோடு வந்து சேர்ந்தார்.

“இன்னாடி ரேணுகா, உன் வூட்டுக்கு வர்றதுக்குள்ளயே ஒரு கிரிவலம் முடிஞ்சிபோச்சி. பஸ்ஸ எங்கியோ கொல்லியில கொண்டாந்து நிறுத்திட்டான். எறங்குன்றான். ஏன்டா, மலை எங்க, நான் எங்கன்னு கேட்டேன். நடந்தா புண்ணியம் பாட்டின்றான். பாட்டியாமே நானு!”

மகள்கள் குளிக்கப் போனார்கள். காசியம்மாள் விசிறியடியில் உட்கார்ந்து தசரதனை உரக்க நலம் விசாரித்தார். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் பேசினார். தசரதனுக்குக் காது நன்றாகவே கேட்கும். சொற்கள்தாம் வாய்க்கு வரும் வழியில் உடைந்துபோயின.

“ஏம்மா ஓவியா, கடலூருக்குப் போறியாமே?” என்றார் காசியம்மாள். “கவருமெண்ட்டு உத்தியோகம். நல்லதுதான். சம்பளம் வாங்கினு வந்து யாருக்கு ஆக்கிப் போடுவ? பஸ்ஸுக்கா?”

“அங்க விடுதி இருக்குது பெரியத்தை. வாராவாரம் வந்துடுவேன்.”

“வாராவாரம் விருந்தாளி மாதிரி. அப்போ நானும் நீயும் ஒண்ணு. நானாவது பௌர்ணமிக்குதான் வர்றேன்.”

காசியம்மாள் சிரித்தார். ரேணுகாம்பாள் சிரிக்கவில்லை. அவர் சுவரோரம் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபத்தைக் காட்டிலும் களைப்பே மிகுந்திருந்தது.

அச்சமயத்தில் சென்னைக் கடைக்காரர் அழைத்தார். புகழேந்தி ஒலிபெருக்கியைப் போட்டான்.

“சார், லிஸ்ட் மூடப்போறேன். உங்களுக்கு சுண்ணாம்பு ஸ்டிரர் தானே? போட்டுடட்டுமா?”

“அஞ்சு நிமிஷம் அண்ணே.”

“சுண்ணாம்பா?” என்று காசியம்மாள் நிமிர்ந்தார். “இந்தத் தண்ணிக்கு சுண்ணாம்பு வேணுமா? அதுக்குப் போய் மெட்ராசு ஆளுகிட்ட பேசிக்கினு இருக்கியே! என் டப்பியில கீதுடா. ஒரு விரல் தடவி வுடட்டுமா? வெத்தில வேணுமா, வெறும் சுண்ணாம்பு போதுமா?”

“ஐயோ பெரியம்மா, தொட்டிகிட்ட கைய வச்சிடாத!”

“நாங்கூடத்தான் அறுபது வருசமா போடுறேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே. உன் மீனு என்னிய வுட பெரிய மனுசனா?”

கடைக்காரரும் மறுமுனையில் சிரித்தார். புகழேந்தி சிரித்துக்கொண்டே, “போட்டுடுங்க அண்ணே, ஸ்டிரரே…” என்று தொடங்கினான்.

“ஊத்துது” என்றார் தசரதன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“என்னப்பா?”

“அந்தப் பொண்ணு… ஊத்துது.”

“எங்க ஊத்துது? மழையா?” என்று காசியம்மாள் சன்னலைப் பார்த்தார். “வெயில்ல மண்ட காயுது, மழைன்றாரு.”

தசரதன் வலக்கையைத் தூக்கினார். முதலில் ஓவியாவைக் காட்டினார். பின்பு தொட்டியின் கீழ்அறைக் கதவைக் காட்டினார். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்தார்.

“காலையில. சாயந்திரம். ரெண்டு. ஊத்துது.”

ஓவியா அவரைப் பார்த்தாள். அவர் காட்டிக் கொடுக்கிறாரா, காப்பாற்றுகிறாரா என்று அந்தக் கண்களிலிருந்து அவளால் அறிய முடியவில்லை.

புகழேந்தி, “அண்ணே, திரும்பக் கூப்புடுறேன்” என்று அழைப்பைத் துண்டித்தான். குனிந்து கதவைத் திறந்தான். நன்னீர்க் குடுவைகளை நகர்த்தினான். கேன்களில் ஓவியாவின் கையெழுத்தில் ஒன்று, இரண்டு என்று ஒட்டப்பட்டிருந்தது. அவன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். முகர்ந்தால் தெரிவது ஒன்றுமில்லை.

“இது இன்னாது ஓவியா?”

“கால்சியம். இன்னொண்ணு காரம்.”

“எப்போலருந்து?”

“மாமா ஆஸ்பத்திரியில இருந்தப்போலருந்து.”

“தினமுமா?”

“தினமும். ரெண்டு வேளையும்.”

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அப்போ நான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அளந்தது?”

“நான் ஊத்தினதத்தான் அளந்தீங்க.”

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதனால் அவனுக்கு இன்னும் வலித்தது.

“ஏன் சொல்லல?”

“அன்னிக்கு அழுதீங்க. எப்பிடிச் சொல்றது?”

“அதுக்கப்புறம்? ஆறு மாசம் ஆச்சே! பவளத் தொட்டிக்காரங்க குழுவுல போட்டோ போட்டு, எதுவுமே ஊத்தாம வளக்குறேன்னு அத்தினி பேருகிட்ட சொல்லியிருக்கேன். யோசிச்சியா நீ?”

“நீங்க எப்பயாச்சும் குனிஞ்சி கதவத் தொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

காசியம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “அப்பிடிப் போடு! அப்போ இவ கடலூர் போனா உன் கல்லெல்லாம் கைலாசம் போவும்.”

“அக்கா, நீ கெளம்பு. இருட்டறதுக்குள்ள நடக்க ஆரம்பி” என்றார் ரேணுகாம்பாள்.

குரலில் இருந்த ஏதோ ஒன்று காசியம்மாளையே எழுப்பியது. அவர் மகள்களைக் கூப்பிட்டார். வாசலில் மூன்று சோடிச் செருப்புகள் கிடந்தன. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை ரேணுகாம்பாள் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே வந்தார். பத்து நாளுக்குப் பிறகு மருமகளிடம் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

“அப்போ இத வுட்டுட்டு நீ எப்படிப் போவ?”

ஓவியா எதிர்பார்த்த கேள்விதான். கீழ்அறைக் கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“போவேன் அத்தை. நான் ஊத்துறத ஊத்தறதுக்கு மெஷின் இருக்குது. அதத்தான் காலையிலருந்து சொல்றேன். காரணம் கேட்டாரு. காரணத்த சொன்னா நீங்க இப்படிக் கேப்பீங்கன்னு சொல்லல.”

ரேணுகாம்பாள் கணவரின் நாற்காலியருகே போய் நின்றார்.

*

தெருவில் ஜனங்களின் அரோகரா முழக்கம் அலை அலையாக வந்துபோனது. கூடத்தில் விளக்கைப் போட மறந்திருந்தார்கள். தொட்டியின் நீல ஒளி மட்டும் நால்வர்மீதும் விழுந்தது.

புகழேந்தி முகம் கொடுக்காமலே கேட்டான். “எவ்ளோ ஊத்துற?”

அவள் அளவைச் சொன்னாள். அவன் கைப்பேசியில் தட்டிக்கொண்டு உதட்டைப் பிதுக்கினான்.

“இவ்ளோ குடிக்குதா? அப்போ சுண்ணாம்புக் கலக்கி கால்வாசிகூடத் தாங்காது. ஜாஸ்தி விட்டா தண்ணிக் காரம் ஏறி மீனு செத்துடும்.”

“அதான்.”

“அப்போ ரியாக்டருக்கே போயிடலாமா? இவ்ளோ தேவைன்னா ரியாக்டர்தான் சரி.” அவன் குரலில் பழைய ஆவல் எட்டிப் பார்த்தது.

“கேஸ் அளவ ஒருத்தர் பாத்துகிட்டே இருக்கணும். நீங்க மையத்துல இருப்பீங்க. கரண்டு போய் வந்தா வால்வு மூடுச்சா, தொறந்துச்சான்னு அத்தையா பாப்பாங்க? பம்புன்னா ரெண்டு கேனு. மோட்டார் இன்வர்ட்டர்லயே ஓடும். கேனு காலியானா நான் சனிக்கெழம வந்து ரொப்பிட்டுப் போவேன்.”

“மோட்டார் நின்னுபோச்சின்னா?”

“ஒரு நாள் ரெண்டு நாள் தாங்கும். நிக்காம கொட்டினாத்தான் ஆபத்து. அதனால கேனு சின்னதா வைக்கணும். மொத்தமும் கொட்டினாலும் தொட்டி சாவாத அளவுக்கு.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இவ்வளவையும் அவள் எப்போதோ யோசித்து முடித்திருக்கிறாள். யோசித்து முடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அது அவனுக்கு ஆறுதலா, வேதனையா என்று அவனே அறியான்.

“சரி” என்றான். “பம்பே போட்டுடலாம்.”

கடைக்காரர் கேட்ட விவரங்களைக் கைப்பேசியில் நிரப்பலானான். இரண்டு மோட்டார். சிறிய கேன்கள். வேங்கிக்கால் முகவரி. ஓவியா காலையிலிருந்து முதன்முறையாக ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திங்கட்கிழமை என்பது முதன்முதலாக வரக்கூடிய ஒரு நாளாகத் தோன்றியது.

“முடிஞ்சிதா?” என்றார் ரேணுகாம்பாள்.

“இதோம்மா. அனுப்பணும், அவ்ளோதான்.”

“கல்லுக்கு ஒரு மெஷின் கெடச்சிடுச்சி.” அவர் கணவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். “நாள் முழுக்கப் பேசி, நல்ல மெஷினா பாத்து எடுத்துட்டீங்க. நீ கெட்டிக்காரி ஓவியா. நான் கொற சொல்லல. இவருக்கு எந்த மெஷின வாங்கப் போறீங்க?”

புகழேந்தியின் விரல் திரைக்கு மேலேயே நின்றது.

“காலையில எழுந்தா ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன். ஒரு பக்கம் நீ பிடிக்கிற. திங்கக்கெழமலருந்து அந்தப் பக்கம் யாரு பிடிப்பா? எனக்கு இடுப்பு விட்டுப்போயி எத்தினி நாளாச்சின்னு உங்களுக்குத் தெரியுமா? நானுந்தான் சொல்லல. நீ தண்ணிக்குள்ள ஊத்தினத மறச்ச. நான் வலிய மறச்சேன்.”

மாமியாரின் பத்து நாள் மௌனத்தைப் பிடிவாதம் என்றே ஓவியா எண்ணியிருந்தாள். தன்னைப்போல் இன்னொருத்தியும் இதே கூரையின் கீழ் ஒன்றும் சொல்லாமல் நின்றிருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

தசரதன் அசைந்தார். நெடுநேரமாக நாற்காலியிலேயே இருந்துவிட்டார். எழுந்திருக்க வேண்டும் என்று வலக்கையால் நாற்காலியின் கையைத் தட்டினார்.

ரேணுகாம்பாள் அவருடைய வலப்பக்கம் போய் நின்றார். வழக்கம்போல் ஓவியா எழுந்தாள்.

“நீ உக்காரு” என்றான் புகழேந்தி.

அவன் கைப்பேசியை மேசையில் வைத்தான். திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நிரப்பிய விவரங்களுக்குக் கீழே, அனுப்பு என்ற பொத்தான் அழுத்தப்படாமல் இருந்தது. அவன் தந்தையின் இடப்பக்கம் போய் நின்றான். முதலில் தோளைத் தொட்டான். பிறகு மணிக்கட்டைத் தொட்டான். மூன்று கருவிகளின் உள்ளும் புறமும் அறிந்த அந்த மனிதன், தந்தையின் உடம்புக்கு முன் கைகளை எங்கே வைப்பதென்று அறியாமல் நின்றான்.

“எங்க பிடிக்கணும்மா?”

“எனக்கென்னடா தெரியும்? அந்தப் பக்கம் எப்பவும் அவதானே பிடிப்பா. அவளக் கேளு.”

“கக்கத்துக்குக் கீழ கைய விடுங்க” என்றாள் ஓவியா, உட்கார்ந்தபடியே. “தோளை இழுக்காதீங்க. வலிக்கும்.”

அவன் கையை விட்டான். ரேணுகாம்பாள், “ம், தூக்கு” என்றார். தசரதன் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழுந்தார். மேசையில் கைப்பேசி அதிரத் தொடங்கியது. கடைக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

தசரதன் மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு, மெல்ல, தாமாகவே மறுபடியும் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். இடப்பக்கம் இருந்த மகனின் கையை வலக்கையால் விலக்கினார்.

“அந்தப் பொண்ணு” என்றார். இம்முறை ஒரு சொல்லும் உடையவில்லை. “அந்தப் பொண்ணு வரட்டும்.”